பட்டாளத்து சர்ச் பெஞ்சுகள்

ஆதிகேசவன் தன் பழைய ஸ்கூட்டரின் முன்னால் உளிப்பையைக் கிடத்திக்கொண்டு சோல்ஜர் ஹோம் கேட்டுக்குள் நுழைந்தபோது ஆடி மாதத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஓசூர் ரோட்டின் லாரிச் சத்தம் கேட்டைத் தாண்டியதும் குறைந்து, தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் வந்ததும் அறவே நின்றுபோனது. வெள்ளைக்காரன் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்க வைப்பதற்காகக் கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடம் அது. இப்போது அதில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் இருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் சிலர், ஆளிருந்தும் வீட்டில் இடமில்லாதவர்கள் சிலர். இரண்டாவது வகையில் ஒருவர் ஆதிகேசவனின் அண்ணன் அப்பாதுரை.

ஹோமின் பழைய சர்ச்சில் மரவேலை என்று தெரிந்ததும் அவன் அதைக் கேட்டு வாங்கியதே அண்ணனுக்காகத்தான். அடுகோடியில் அவனுக்குச் சொந்தமாக ஒரு மரப்பட்டறை, அதை ஒட்டினாற்போல் ஒன்றரை அறை வீடு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் அவனை வளர்த்தது அண்ணன். தம்பியைத் தொழிலில் உட்கார வைத்து, கல்யாணமும் முடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அண்ணனுக்குக் கல்யாண வயசு தாண்டிப் போயிருந்தது. உலகத்தில் ஆதிகேசவனுக்குப் பயம் என்று ஒன்று இருந்தால், அது அண்ணன் இல்லாமல் விடியப்போகும் ஒரு நாளைப் பற்றியதுதான். சர்ச் வேலை முடியும் வரைக்கும் தினமும் அண்ணனோடு டீ குடிக்கலாம் என்பதே அவனுக்குப் பெரிய கூலி.

"என்னடா, சாமிக்கு நாற்காலி செய்ய வந்துட்டியா?" என்றார் அப்பாதுரை வராந்தாவிலிருந்து. ஹவில்தாராக இருந்தவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை.

"நாற்காலி இல்லண்ணா, பெஞ்சு. உனக்கும் ஒண்ணு போட்டுத் தரட்டுமா?"

"எனக்கு ஒரு டீ சொல்லு போதும்."

ஹோமுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களின் நடுவே இருந்தது அந்தச் சின்ன சர்ச். கூரை ஒழுகுகிறது என்று பூட்டிப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது யாரோ புண்ணியவான்கள் கொடுத்த நன்கொடையில் அதைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த லாவண்யா ஈரோட்டுப் பெண். பழைய கட்டடங்களைச் சீர்செய்வதற்கென்றே படித்தவள். முதல் நாள் அவள் ஆதிகேசவனை உள்ளே அழைத்துப்போய், "அண்ணா, கரையான் தின்னதை மட்டும் மாத்துங்க. மத்தது பழசு பழசாவே தெரியணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் டெங்கு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

தேக்கு பெஞ்சுகள். இந்தக் காலத்தில் கண்ணால் பார்க்கக் கிடைக்காத மரம். ஆதிகேசவன் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து மகிழ்ந்தான். ஒன்றே ஒன்றுதான் அவன் கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் மேல்விளிம்பில் வரிசையாக அரைவட்ட வெட்டுகள். பின்னால் உட்காருகிற ஒவ்வொரு ஆளுக்கும் நேரே ஒன்று. எலி கடித்தது போலவும் இல்லை, அழகுக்கு வெட்டியது போலவும் இல்லை. நல்ல மரத்தை எவனோ பாழாக்கி வைத்திருக்கிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

அவனுக்கு ஒரு குணம். மரத்தில் ஓட்டை இருந்தால் அவன் கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்குப் போன வீட்டில்கூடக் கதவில் சந்து தெரிந்தால் சாப்பாட்டில் மனசு போகாது. யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரப்போவதும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வெட்டையும் சதுரமாகச் செதுக்கி, ரேகை பார்த்துப் பழைய தேக்கிலேயே ஒட்டுத்துண்டு அறுத்து, பசையிட்டு இறுக்கி, இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் ஏற்றினான். ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியாது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு நுணுக்கமாகச் செய்த ஆள் அவனாகத்தான் இருப்பான்.

முதல் வரிசைக்கு முன்னால் இருந்த தடுப்புச் சட்டம் மட்டும் தொட்டாலே உதிர்ந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மரத்தில் வேறு செய்து பொருத்தினான். பழையது வெந்நீர் அடுப்புக்குப் போய்ச் சாம்பலானது.

ஒட்டு வேலை முடிந்ததும் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினான். அப்பாதுரை பெஞ்சின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். பாதியில் நின்றுவிட்டார்.

"இங்க என்னமோ இருந்துச்சே."

"ஓட்டைங்கண்ணா. அடைச்சிட்டேன்."

"எதுக்குடா?"

"பாக்க நல்லா இல்ல."

அண்ணன் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். விரல் நுனியை மோந்து பார்த்தார். பிறகு தம்பியின் மூக்கருகே நீட்டினார். பாலிஷ் வாசனை இல்லை. மெஷின் எண்ணெய் போல, ஆனால் அதைவிடப் பழைய, கசந்த ஒரு வாசனை.

அன்று சாயங்காலம் சுண்ணாம்பு பூசுகிறவர்கள் ஆனேக்கல் பஸ்ஸுக்காக நேரத்தோடு கிளம்பிப் போய்விட்டார்கள். ஆதிகேசவன் மட்டும் உள்ளே மண்டியிட்டு ஒரு பெஞ்சின் காலுக்கு இரண்டாம் கை பாலிஷ் ஏற்றிக்கொண்டிருந்தான். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. கண்ணாடி ஜன்னல்களின் நிறம் ஒவ்வொன்றாகக் கறுத்து, நீலம் மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சியது. அதுவும் போனபோது நனைந்த கம்பளி வாடை வந்தது. மழையில் நனைந்த ஆட்கள் பலர் ஒரே அறைக்குள் நெருங்கி நின்றால் வருமே, அந்த வாடை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரும் இல்லை.

அப்போது தரையில் ஒரு சத்தம்.

கனமான கட்டைகள் பலவற்றை ஒரே நொடியில் கல்தரையில் ஊன்றியது போல. ஒரே ஒரு 'தட்'. அவன் முழங்காலுக்கு அடியில் கல் அதிர்ந்தது.

அதன்பிறகு மூச்சுச் சத்தம். அவனுடையது இல்லை. எல்லாப் பக்கமும்.

பெஞ்சு ஒன்றுகூடக் கிரீச்சிடவில்லை. வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை.

ஆதிகேசவன் பாலிஷ் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். மனைவி பாஞ்சாலி சோறு போட்டபோது, சர்ச்சில் வௌவால் தொல்லை என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் அவன் வெளிச்சம் இருக்கும்போதே உளியைக் கட்டி வைத்துவிடுவான். அண்ணனோடு டீ குடிக்கும்போது ஒன்றைக் கவனித்தான். அப்பாதுரை டம்ளரை இடது கையால் எடுத்தார். வலது கை மடியில் கிடந்தது.

"கையில என்னண்ணா?"

"வலி. கெழவனானா வராதா?"

வார்டு சிஸ்டர் பிரிஜெட் அவனை வராந்தா ஓரமாகக் கூப்பிட்டாள். இந்த ஹோமிலேயே தலை நரைத்தவள். எதற்கும் பதறாதவள் என்று பேர் வாங்கியவள்.

"ஆதி, கொஞ்சம் நில்லுப்பா. உங்க அண்ணன் ஒருத்தர் மட்டும் இல்ல. வார்டுல இருக்கற எல்லாருமே ஒரு வாரமா படுக்கறது இல்ல."

"படுக்காம?"

"லைட் போடற நேரம் ஆனா எழுந்து கட்டில் ஓரத்துல உக்காந்துடறாங்க. விடியற வரைக்கும் அப்படியே. டாக்டர் தூக்க மாத்திரை குடுத்தாரு. கண்ணு மூடிக்குது, நீட்டின கை மட்டும் எறங்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு இருந்து பாத்துட்டுப் போ. நான் சொன்னா நீ நம்ப மாட்ட."

அவன் இருந்தான்.

மழை மேகத்தால் சீக்கிரமே இருட்டியது. வார்டில் குழல்விளக்கு எரிந்தது. கிழவர்கள் கேரம் ஆடிக்கொண்டும், கன்னடச் செய்தி பார்த்துக்கொண்டும், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டும் இருந்தார்கள். முதலில் கேரம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. யாரும் கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை. ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாருடைய வலது கையும் மார்புக்கு நேராக முன்னால் நீண்டது. விரல்கள் எதையோ பிடித்து மூடிக்கொண்டன. நிறுத்தி வைத்த ஒரு கம்பைப் பிடித்தது போல. ஆனால் கையில் ஒன்றும் இல்லை.

ஆதிகேசவன் அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். அவர் நெற்றி வியர்த்திருந்தது. தோள் நடுங்கியது. அவன் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. அவர் பிடித்திருந்த வெறும் காற்று கனத்தது. இரும்பும் மரமும் சேர்ந்த கனம். மரத்தைத் தூக்கியே வாழ்ந்தவனுக்கு அது தெரியாமல் போகாது.

"தொடாத" என்றார் அண்ணன், உதடு அசையாமல். "என்னுது இல்ல."

"யாருதுண்ணா?"

"ஒருத்தருது. வெச்சுக்கச் சொன்னாரு."

"அவரு எங்க?"

அப்பாதுரையின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரங்களின் பக்கம் போயின.

"முட்டி போட்டிருக்காரு. எழுந்ததும் வாங்கிப்பாரு."

"எப்ப எழுவாரு?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மேலே பேசத் தெம்பில்லை.

இரண்டு நாள் கழித்து, விடியும் வேளையில் சுபேதார் கஸ்தூரிரங்கன் செத்துப்போனார். வார்டிலேயே வயதில் மூத்தவர். உட்கார்ந்தபடியே போயிருந்தார். படுக்க வைக்க முடிந்தது, கால்களைக் கட்ட முடிந்தது, விரல்களை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. முன்னால் நீண்ட கையோடேதான் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். அவருடைய வலது தோளில் கன்றிப்போன நீலம் இருந்ததாகப் பிரிஜெட் சொன்னாள். அதே நீலம் அப்பாதுரையின் தோளிலும் இருந்தது. அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர், இதயம் பலவீனமாகிக்கொண்டே போகிறது, காரணம் பிடிபடவில்லை என்றார். ஆதிகேசவன் அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகக் கேட்டான். அப்பாதுரை மறுத்துவிட்டார்.

"குடுத்துட்டுத்தான்டா வர முடியும். பாதில விட்டுட்டு வர முடியாது."

ஆதிகேசவன் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று அழுதான். வெட்கப்படாமல், வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதான். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டான். காடுகொண்டனஹள்ளிப் பக்கம் ஒரு மந்திரவாதியை யாரோ சொன்னார்கள். அவரையும் போய்ப் பார்த்தான். அவர் கொடுத்த தாயத்து அண்ணன் கையில் ஏறவில்லை. இப்போது பகலிலும் விரல்கள் மூடியே இருந்தன.

மறுநாள் லாவண்யா வேலைக்குத் திரும்பினாள். டெங்கு அவளைப் பாதியாக்கியிருந்தது. மதியத்துக்கு மேல் ஆதிகேசவனோடு சர்ச்சுக்குள் வந்தவள், முதல் பெஞ்சருகிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இங்க வெட்டு இருந்துச்சுங்களே."

"அடைச்சிட்டேன் மேடம். எல்லாத்தையும்."

அவள் கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அது துப்பாக்கி வைக்கற இடமுங்க."

"துப்பாக்கியா? சர்ச்சுலயா?"

"சிப்பாய்க் கலகம் ஒரு ஞாயித்துக்கிழமை, வெள்ளைக்காரங்க வெறுங்கையோட சர்ச்சுக்குக் கெளம்பற நேரத்துல வந்துச்சு. அதுக்கப்பறம் வெள்ளைக்கார சோல்ஜருங்களுக்கு ஒரே பயம். ஜெபத்துக்கு வந்தாலும் ஆயுதத்த விட்டுட்டு வரக் கூடாதுன்னு ஆர்டர். முட்டி போடறப்ப எங்க வைப்பாங்க? முன்னாடி பெஞ்சுல வெட்டிக்கிட்டாங்க. அதுல குழல சாய்ச்சு வெச்சா ரெண்டு கையும் கூப்பலாம். எட்டிப் புடிக்கற தூரத்துலயும் இருக்கும்." அவள் ஒட்டுத் தெரியாத விளிம்பைத் தடவினாள். "அடுத்த மாசம் கமிட்டில பேசி, திருப்பி வெட்டிக்கலாமுங்க. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க."

ஆதிகேசவன் தான் ஒட்டிய விளிம்புகளை வரிசையாகப் பார்த்தான். பயந்து பயந்தே சாமி கும்பிட்டவர்கள். வருஷக்கணக்காகத் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு நிம்மதியாகக் கை கூப்பியவர்கள். அவன் ஒருவன் வந்து, அழகு பார்த்து, அத்தனை பேருடைய இடத்தையும் அடைத்துவிட்டான். சாய்க்க இடமில்லாமல் நின்று பார்த்தார்கள். பிறகு, பட்டாளத்தான் பட்டாளத்தானிடம் கொடுப்பதுபோல், வார்டில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு முட்டி போட்டுவிட்டார்கள்.

அவன் கமிட்டிக்குக் காத்திருக்கவில்லை. லாவண்யா வீட்டுக்குக் கிளம்பியதும் வளைந்த உளியையும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலையும் எடுத்தான். போனில் பிரிஜெட்டைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், வார்டுலயே இருங்க. போனை வெக்காதீங்க. யாரு கையாவது எறங்குச்சுன்னா எனக்குச் சொல்லுங்க."

"நீ என்னப்பா பண்ற?"

"அடைச்சதத் தொறக்கறேன்."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவன் கடைசிப் பெஞ்சில் ஆரம்பித்தான். தன் கையால் ஒட்டிய துண்டைத் தன் கையாலேயே பிளந்து எடுத்தான். கம்பளி வாடை வந்தது. அவன் திரும்பவில்லை. 'தட்' என்ற சத்தம் வந்தது. அப்போதும் திரும்பவில்லை. முதல் வெட்டு முழுதாகத் திறந்ததும் பெஞ்சின் முதுகு மெல்ல முனகியது. மேலே எதையோ சாய்த்தது போல ஒரு நூல் அளவு சரிந்தது.

போனில் பிரிஜெட்டின் மூச்சு.

"ஆதி. வாசல் கட்டில் தாத்தா படுத்துட்டாரு."

அவன் வெட்டினான். தூள் கண்ணில் விழுந்தது. கையில் கொப்புளம் உடைந்தது. போனில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் படுத்துட்டாரு. இவரும் படுத்துட்டாரு. இவர் குறட்டையே விடறாரு. ஒவ்வொரு தடவையும் அவன் எதிர்பார்த்தது ஒரே ஒரு பெயரை.

அவனைச் சுற்றி மூச்சுகள் தாழ்ந்தன. தரைக்கு அருகே, முழங்காலில் இருப்பவர்களின் உயரத்தில்.

பெஞ்சுகள் முடிந்தன.

"சிஸ்டர், அண்ணன்?"

"இல்லப்பா. அவர் மட்டும் உக்காந்திருக்காரு."

மிச்சம் இருந்தது தடுப்புச் சட்டம். புது மரம். பழையதில் வெட்டுகள் எங்கெங்கே இருந்தன என்று அவனுக்குத் தெரியாது. கரையான் தின்ற கட்டைதானே என்று பார்க்காமலே அடுப்புக்குக் கொடுத்தவன் அவன். குத்துமதிப்பாக வெட்டினான். பெஞ்சுக்கு நேராக, ஆளுக்கு நேராக, இடையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. சட்டம் சல்லடையானது. எதிலும் எதுவும் சாயவில்லை.

முன் வரிசையில் ஒரே ஒரு மூச்சு அவன் காதுக்கு அருகே கேட்டது. நின்றும் நிற்காமலும், சிரமப்பட்டு.

"ஆதி." பிரிஜெட்டின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "சீக்கிரம் வா. அவருக்கு மூச்சு நிக்கற மாதிரி இருக்கு."

ஓடினான். வார்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டிலில் மட்டும் அண்ணன் நிமிர்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. நீட்டிய கை கட்டிலோடு சேர்ந்து ஆடியது.

"அண்ணா, குடு. நான் வெச்சுக்கறேன்."

"வேணாம்டா." மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக வந்தது. "நீ பட்டாளத்தான் இல்ல."

"உன் தம்பி. அது போதாதா?"

"ஆயுதத்த கீழ வைக்கக் கூடாது. வாங்கறவன், வாங்கிட்டேன்னு வாயால சொல்லணும். சொன்னா உன்னுது ஆயிடும்டா. வேணாம்."

ஆதிகேசவன் அண்ணனுடைய விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தான். சில்லென்றிருந்தது.

"வாங்கிட்டேன்" என்றான்.

கனம் வந்தது.

அவன் தோள் ஒருபக்கமாக இழுத்தது. அண்ணனின் கை பொத்தென்று மடியில் விழுந்தது. அப்படியே சாய்ந்து, குழந்தையாக முடங்கி, உறங்கிப்போனார். மார்பு ஏறி இறங்குவதை ஆதிகேசவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கியோடு அவன் அன்று சந்தோஷப்பட்டது போல வாழ்நாளில் பட்டதில்லை.

ஆனால் சந்தோஷம் தோள்வலிக்கு மருந்தாகாது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு அடுகோடி வரை நடந்தே வந்தான். பாஞ்சாலி ஊட்டிவிட்டாள். கேட்டதற்குத் தசை பிடித்துக்கொண்டது என்றான். இரண்டாம் நாள் விரல் நகம் நீலம் பாரித்தது. பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் அரத்தையும் உளியையும் பிடித்துத் தடவித் தடவி, தன் வேலைமேசையின் விளிம்பில் ஓர் அரைவட்டம் வெட்டினான். கோணல்மாணலாக வந்தது. அவன் செய்ததிலேயே அசிங்கமான வேலை அதுதான். இப்போது தன்னுடையதாகிவிட்ட அந்தக் கனத்தை அதில் சாய்த்தான். மேசை முனகியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அதன்பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. அப்பாதுரைக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. வார்டில் கேரம் சத்தமும் சண்டையும் திரும்பின. கார்த்திகை மாதத்தில் சர்ச் திறப்பு நடந்தது. வெட்டுகள் பழையபடி திரும்பியதற்காக லாவண்யா எல்லார் முன்னாலும் ஆதிகேசவனுக்குச் சால்வை போட்டாள். அவன் தன் மேசையின் அந்த மூலையைத் தொடாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டான். சாயங்காலங்களில் அங்கே எண்ணெய் வாசனை வரும். இருக்கட்டும், ஒருவர்தானே, அவரும் பயந்த மனிதர்தானே என்று விட்டுவிட்டான்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். ஆதிகேசவன் விளக்குப் போடாமல் தூள் பெருக்கப் பட்டறைக்குள் நுழைந்துகொண்டிருந்தான். வெளியே குளிர்ந்த இருட்டு கவிந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டியாண்ணா?"

"ஆச்சு. டேய், ஒரு சமாச்சாரம். இந்த சர்ச்சுல சாயங்காலம் ஆனா எனக்குக் காதுல விழும் இல்ல, அந்த 'தட்'டுங்கற சத்தம்? ஒரு வாரமா இல்ல."

"நல்லதுதான?"

"நல்லதோ என்னமோ. இன்னிக்குப் போய் உக்காந்து பாத்தேன். காலியா கெடக்கு. அந்த வாசனகூட இல்ல. எல்லாரும் எங்கயோ போயிட்டாங்கடா."

ஆதிகேசவன் துடைப்பத்தைத் தேடிக் குனிந்தான். நனைந்த கம்பளி வாடை. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது.

போனின் வெளிச்சத்தை மேசைமேல் திருப்பினான்.

விளிம்பு முழுக்க, இந்த முனை முதல் அந்த முனை வரை, அரைவட்ட வெட்டுகள். அவன் வெட்டியது ஒன்றுதான். மற்றவை கோணலாக இல்லை. புதியவையும் இல்லை. பல காலம் கைபட்டுக் கறுத்து, வழவழத்துப் போயிருந்தன.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினான்.

மேசைக்கு முன்னால் தரையில் சேர்ந்திருந்த மரத்தூளில், இரண்டு இரண்டாக, முழங்கால் பதிந்த குழிகள். மேசையின் நீளத்துக்கும்.

"ஆதி, கேக்குதா?" என்றார் அண்ணன்.

வரிசையில் கடைசியாக, அவன் கால் விரலுக்கு முன்னால், சமமாகக் கிடந்த தூள் மெல்ல அமுங்கியது. ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று.